ரத்தப் பொரியல் துன்னியான்னு கேட்ட வாய்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆவணி மாசம். நாங்க இருக்கறது திருவொற்றியூர்ல, நான் வேலை பாக்கற துணிக் கம்பெனி ராயபுரத்துல. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்துது. போன் வந்துது, பாத்தா எங்க வூட்டுக்காரரு நம்பரு. ஆனா பேசுனது அவரு இல்ல.

"தங்கச்சி, பயப்படாத. உங்கூட்டுக்காரரு வண்டிலயே மயங்கிட்டாரு. எக்ஸ்பிரஸ் ரோட்லேர்ந்து ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கினு போறோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடு"ன்னு ஒரு ஆம்பள குரல் சொல்லிச்சு.

அது எனக்குத் தெரிஞ்ச குரல்தான். எங்க வூட்டுக்காரரு கூட வண்டி ஓட்டற வியாசர்பாடிக்காரரு. ரெண்டு மாசம் முன்னாடி அதே ஆளைத்தான் நான் போன்ல கூப்ட்டு, வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். ஏன் திட்டுனேன்னு சொல்லணும்னா மொதல்லேர்ந்து வரணும்.

எங்க வூட்டுக்காரரு கண்டெய்னர் டிரைலர் ஓட்டறவரு. ஹார்பர்லேர்ந்து பெட்டிய ஏத்திக்கினு மணலி, மாதவரம் பக்கம் எறக்கணும். அங்கேர்ந்து ஏத்திக்கினு திரும்ப ஹார்பருக்கு வரணும். இந்த வேலையில ஓட்டறத விட நிக்கறதுதான் ஜாஸ்தி. காலையில எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பர் வரிசையில நின்னா சில நாளு சாயங்காலம்தான் கேட்டுக்குள்ள போக முடியும். அதனால டிரைவருங்க நாலஞ்சு பேரு சேந்து, வண்டி நிழல்ல சின்ன கேஸ் அடுப்ப வெச்சு ஆக்கிப்பாங்க. ஒருத்தர் காசிமேட்டுல மலிவா மீனு வாங்கியாருவாரு, ஒருத்தர் அரிசி, ஒருத்தர் மசாலா. எல்லாரும் ஒரே தாம்பாளத்துல கை போடுவாங்க. எங்க வூட்டுக்காரருக்கு அந்தச் சாப்பாடுன்னா உசுரு. கல்யாணம் ஆன புதுசுல, "உன் கொழம்பு நல்லாத்தான் கீது மே, ஆனா எங்க ரோட்டுக் கொழம்பு மாதிரி வராது"ன்னு சொல்லி என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்குவாரு.

அந்த மனுஷனுக்குத்தான் இதெல்லாம் நடக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடி வயித்துல நோய் வந்துது. அடிக்கடி வெளிய போவும், சளியும் ரத்தமுமா போவும், வயிறு முறுக்கும். மூலம்னு நெனச்சு ரொம்ப நாளு கை வைத்தியம் பண்ணோம். அப்பறம் கேமரா வுட்டுப் பாத்துதான், பெருங்குடல் பூரா வீங்கிப் புண்ணாயிருக்குன்னு தெரிஞ்சுது. இது வந்தா போவாது, ஆனா மாத்திரையால அடக்கி வெக்கலாம்னாங்க. அன்னிக்கு டாக்டர் சொன்னது நாலே விஷயம்தான். மாத்திரைய வுடாதே, புண்ணு கிளம்பறப்ப காரத்தக் கொற, உனக்கு எது ஒத்துக்கலயோ அத மட்டும் தள்ளி வை, ரத்தம் வந்தா மறைக்காம உடனே வா.

டாக்டர் சொன்ன நாலோட நான் நாப்பத சேத்துக்கினேன். எதுத்த வூட்டம்மா சொன்னது, கம்பெனில பக்கத்து டேபிள் பொண்ணு போன்ல பாத்துச் சொன்னது, எல்லாமே எங்க வூட்டுல சட்டமாச்சு. மீனு கூடாது, முட்ட கூடாது, புளி கூடாது, டீ கூடாது. மூணு வேளையும் இட்லி, கஞ்சி, உப்பு சப்பில்லாத ரசம். அவரு ஒண்ணும் சொல்லாம துன்னுவாரு. எனக்கு அதுவும் சந்தேகம். வூட்டுல இவ்ளோ அடக்கமா துன்றவன் ரோட்டுல என்ன பண்றானோன்னு தோணும்.

கம்பெனில எனக்கு செக்கிங் வேலை. ஒரு சட்டைய எடுத்தா நூலு எங்க பிரிஞ்சிருக்கு, கறை எங்க இருக்குன்னு கண்ணு தானா அங்க போவும். அந்தக் கண்ண அப்படியே வூட்டுக்கும் கொண்டாந்துட்டேன். அவரு படியேறி வந்ததும் "கைய காட்டு"ம்பேன். விரல மோந்து பாப்பேன். பாதி நாளு மீன் வாசன அடிக்கும்.

"நான் துன்னல மே. அவுங்களுக்கு கழுவி ஆக்கிக் குடுத்தேன், அவ்ளோதான்"னு சொல்வாரு.

பூனைய பாலுக்குக் காவல் வெச்ச கதையா இருக்கேன்னு சிரிப்பேன். அவரும் கூட சிரிச்சிடுவாரு. அந்தச் சிரிப்பப் பாத்து, ஆளு மாட்டிக்கினாருன்னு நான் முடிவு பண்ணிக்குவேன். இப்ப நெனச்சா, அது மாட்டிக்கினவன் சிரிப்பு இல்ல. இவகிட்ட என்ன சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு மனசு வுட்டுப்போனவன் சிரிப்பு.

மாத்திரை நல்லா புடிச்சிக்கிச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ரத்தமே இல்ல. அதுக்கப்பறம்தான் ஆளு வெளுக்க ஆரம்பிச்சாரு. எங்க வூடு ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் மேல வருவாரு. வெயில்ல நின்ன களைப்புன்னு நெனச்சேன்.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில நான் கீரை ஆஞ்சிக்கினு இருந்தேன். பாத்ரூம்லேர்ந்து வந்தவரு என் பக்கத்துல வந்து நின்னாரு. "இம்மே, கருப்பா போவுது. தார் மாதிரி"ன்னாரு.

எங்க தெரு முனையில சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி போடுவாங்க. ஆட்டுக்குடல் போட்டி, ஈரல், ரத்தப் பொரியல் எல்லாம் கெடைக்கும். ரத்தப் பொரியல் துன்னா அடுத்த நாளு கருப்பா போவும்னு எங்க பக்கத்துல கொழந்தைக்குக் கூட தெரியும். நான் தலைய கூட தூக்கல. கீரையப் பாத்துக்கினே, "நேத்து எந்த வண்டில ரத்தப் பொரியல் துன்ன?"ன்னு கேட்டேன்.

நான் வுடல. நான் இங்க உப்பில்லாம ஆக்கிப் போட்டு சாவறேன், நீ நாக்க அடக்காம அலையற, நாளைக்கு ஒண்ணு ஆனா நடுத்தெருவுல நிக்கப்போறது நானும் என் பொண்ணும்தான்னு கத்துனேன். பொண்ணு அப்ப பத்தாவது படிச்சிக்கினு இருந்துது, புக்க மூடி வெச்சிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்துது. அவரு, "சரி, வுடு மே"ன்னுட்டு சட்டைய மாட்டிக்கினு கீழ எறங்கிட்டாரு.

தன் உடம்பப் பத்தி அவரு என்கிட்ட வாயத் தொறந்தது அதுதான் கடைசி.

நான் அதோட நிக்கல. அவரு போன்லேர்ந்து நம்பர எடுத்து அந்த வியாசர்பாடிக்காரருக்குப் போன் போட்டேன். நீங்க கூப்ட்டு கூப்ட்டு ஊட்டுற சோத்துலதான் என் புருஷன் குடலு அழுவுது, உங்களுக்கெல்லாம் பொண்டாட்டி புள்ள இல்லயான்னு கேட்டேன். அந்த மனுஷன் "சரிம்மா, சரிம்மா"ன்னு மட்டும் சொன்னாரு. அது கூட எனக்கு அப்ப திமிராத்தான் பட்டுது.

அந்த மாசம் செக்கப்புக்குப் போனப்ப டாக்டர் அவரு கண்ண இழுத்துப் பாத்துட்டு, இவ்ளோ வெளுத்திருக்கே, ரத்தம் போவுதான்னு கேட்டாரு. அவரு பேசறதுக்குள்ள நான் முந்திக்கினேன். "வாயக் கட்டமாட்டேங்கறாரு சார், ரோட்டுல மீனு துன்னுட்டு வராரு"ன்னேன். டாக்டர் திரும்பவும் அவரைப் பாத்துக் கேட்டாரு. அவரு இல்லன்னு தலைய ஆட்டிட்டாரு. ரத்த டெஸ்ட்டும் கேமரா டெஸ்ட்டும் சீக்கிரமா எடுத்துக்கினு வாங்கன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. லோடு இருக்கு, அடுத்த வாரம் எடுக்கறேன்னு அவரு தள்ளிப் போட்டாரு. மொதல்ல வாயக் கட்டு, டெஸ்ட்டு தானா நல்லா வரும்னு நானும் பேசுனேன். அந்தச் சீட்டு ரேஷன் கார்டு கவர்லயே கெடந்துது.

இப்ப அந்த ஆவணி மாசத்துக்கு வரேன். அன்னிக்கும் வரிசையிலதான் வண்டி நின்னிருக்கு. முன்னாடி வண்டிங்க நகந்திருக்கு, இவரு வண்டி மட்டும் நகரல. பின்னாடி இருக்கறவங்க ஹாரன் அடிச்சிருக்காங்க. வியாசர்பாடிக்காரரு எறங்கி வந்து கேபின்ல ஏறிப் பாத்தா, இவரு ஸ்டியரிங் மேல சாஞ்சு கெடக்கறாரு. உதடு வெள்ளையா இருந்துதாம். வண்டி ஓடிக்கினு இருந்தப்ப இது நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்?

நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவருக்கு டிரிப்ஸ் ஏறிக்கினு இருந்துது. ரத்தம் நாலு பாயிண்ட்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா கஷ்டம், உடனே ரத்தத்துக்கு ஆள சொல்லுங்கன்னாங்க. நான் ஆருக்கு போன் போடறதுன்னு தெரியாம நின்னேன். வியாசர்பாடிக்காரரு போன எடுத்தாரு. அரை மணி நேரத்துல வரிசையில நின்ன டிரைவருங்க மூணு பேரு வண்டிய கிளீனருங்க கிட்ட வுட்டுட்டு ஆட்டோ புடிச்சு வந்துட்டாங்க. அழுக்கு பனியனோட வந்து வரிசையா உக்காந்து ரத்தம் குடுத்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் மூஞ்சிய கூட என்னால நிமுந்து பாக்க முடியல.

வராண்டாவுல நான் அழுதுக்கினு உக்காந்திருந்தப்ப வியாசர்பாடிக்காரரு டீ வாங்கியாந்து குடுத்தாரு. இத்தனை நடந்தப்பறமும் என் வாயி சும்மா இருந்துதா? "அண்ணா, இன்னிக்கு இன்னா துன்னாரு?"ன்னுதான் கேட்டேன்.

அவரு என்னைப் பாத்துட்டு பக்கத்துல உக்காந்தாரு. "தங்கச்சி, அன்னிக்கு போன்லயே சொல்லியிருப்பேன், நீ கோவத்துல இருந்த. உங்கூட்டுக்காரரு எங்ககூட துன்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. மீனு கழுவுறது அவரு, கொழம்பு வெக்கறது அவரு. எல்லாருக்கும் போட்டுட்டு கைய கழுவிக்கினு தள்ளி உக்காந்துப்பாரு. நீ குடுத்தனுப்புற இட்லிய கூட பாதி நாளு துன்ன மாட்டாரு. வரிசையில மாட்டிக்கினா எங்க போய் ஒதுங்கறதுன்னு வெறும் வயித்தோடதான் உக்காந்திருப்பாரு"ன்னாரு.

நாலு வருஷமா அவரு டப்பாவ நான்தான் கட்டி அனுப்பறேன். அந்த எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஒரு மனுஷன் அவசரத்துக்கு ஒதுங்க எடம் இருக்கான்னு ஒரு நாளும் நான் யோசிக்கல. அவரு கை வாசனைய மோந்த எனக்கு, அவரு வயிறு காலியா இருக்கறது தெரியல. சாப்பிடத்தான் முடியல, கூட இருக்கற சந்தோஷமாவது இருக்கட்டும்னுதான் ஆக்கிப் போட்டிருக்காரு மனுஷன்.

ரெண்டு நாளு கழிச்சு வாயி வழியா கேமரா வுட்டாங்க, வயித்துல ஒண்ணும் இல்ல. கீழ வழியா பாத்தாங்க, பெருங்குடல் புண்ணு நல்லாவே ஆறியிருந்துது. அப்ப இவ்ளோ ரத்தம் எங்கேர்ந்து போவுது? அந்த வார்டு டாக்டரம்மா கட்டில் பக்கத்துல வந்து நின்னு, மலம் என்ன நெறத்துல போச்சுன்னு அவரைக் கேட்டாங்க. கருப்பான்னாரு. எவ்ளோ நாளான்னாங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுதுன்னாரு. வூட்டுல ஆருகிட்டயும் சொல்லலயான்னாங்க. அவரு ஓடற ஃபேனையே பாத்துக்கினு இருந்தாரு. என்னைக் காட்டிக் குடுக்க அவருக்கு மனசு வரல.

என்னால தாங்க முடியல. "சொன்னாரு டாக்டர். மொத தடவையே என்கிட்டதான் வந்து சொன்னாரு. ரத்தப் பொரியல் துன்னுட்டு வந்துட்டன்னு நான்தான் திட்டி வாய அடச்சிட்டேன்"னேன்.

டாக்டரம்மா அத எழுதிக்கினாங்க. பெருங்குடல்ல ரத்தம் வந்தா பெரும்பாலும் செவப்பா போவும், தார் மாதிரி போனா அது மேல எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், அதனால சிறுகுடலப் பாக்கணும்னாங்க. மாத்திரை மாதிரி இருக்கற ஒரு சின்ன கேமராவ முழுங்க வெச்சாங்க. அதுல தெரிஞ்சுது. சிறுகுடல்ல ஒரு எடத்துல ஊதா கலர்ல ஒரு கட்டி. சின்ன நாவப்பழம் சைசு. அப்பறம் ஸ்கேன் எடுத்து எந்த எடம்னு குறிச்சிக்கினாங்க.

கட்டின்ன ஒடனே எனக்கு உசுரு போயிடுச்சு. டாக்டரம்மா பேப்பர்ல படம் போட்டுக் காட்டுனாங்க. இது கேன்சர் கட்டி இல்லம்மா, ரத்தக் குழாய்ங்களே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கினு முடிச்சு மாதிரி வளந்து நிக்குது, அதுலேர்ந்து தெனமும் கொஞ்சம் கொஞ்சமா கசியுது, பொறக்கறப்பவே இருந்திருக்கலாம்னாங்க. குடல் நோயும் இதுவும் ஒரே ஆளுக்கு சேந்து இருக்கறது ரொம்ப அபூர்வமாம். பெரிய டாக்டருங்க, படிக்கற டாக்டருங்க எல்லாம் கூட்டமா வந்து பாத்துட்டுப் போனாங்க. குடல் நோய் ஏற்கெனவே இருக்கறதால, எல்லாப் பழியும் அது மேலயே போயிடும், ரெண்டாவதா ஒண்ணு இருக்கும்னு ஆருக்கும் தோணாதுன்னாங்க.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அவரு என்ன சாப்ட்டதால இது வந்துது?

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. கருப்பா போன அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அப்பவே தேடியிருக்கலாம்"னாங்க அந்தம்மா. கோவமா கூட சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

ஆபரேஷன் பண்ணி அந்த எடத்துல கொஞ்சம் குடல வெட்டி எடுத்து சேத்து தெச்சாங்க. டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சதுலயும் கெட்டது ஒண்ணுமில்லன்னு வந்துது. வார்டுல ஒரு நாளு அவரு காலப் புடிச்சு வுட்டுக்கினே, என்னை மன்னிச்சிடுய்யான்னு கேட்டேன். எங்க வூட்டுல அந்த வார்த்தையெல்லாம் பேசிப் பழக்கமே இல்ல. அவரு கூச்சப்பட்டுக்கினு கால இழுத்துக்கினாரு. "வுடு மே, நீ இன்னா வேணும்னா பண்ண? பயத்துலதான கத்துன"ன்னாரு. வியாசர்பாடிக்காரர்கிட்டயும் கை கூப்பிக் கேட்டேன். அவரு, "என் வூட்டுக்காரி இத விட மோசமா திட்டுவாம்மா"ன்னு சிரிச்சாரு. ரெண்டு பேரும் எவ்ளோ சுலபமா மன்னிச்சிட்டாங்க.

ஆறு மாசம் கழிச்சு திரும்ப வண்டி எடுத்தாரு. ஆளுக்கு நெறம் வந்துடுச்சு, மூணு மாடியும் நிக்காம ஏறுறாரு. பெருங்குடல் நோய்க்கு மாத்திரை ஓடிக்கினுதான் இருக்கு, அது ஓடும். கைய மோந்து பாக்கறத நான் நிறுத்திட்டேன். மீனு ஒத்துக்கிச்சுன்னா துன்னலாம்னு டாக்டரம்மா சொன்னதும், நானே காசிமேட்டுக்குப் போயி வாங்கியாந்து கொழம்பு வெச்சேன். ரெண்டு வாய் துன்னுட்டு என்னைப் பாத்தாரு. துன்னுய்யான்னேன். துன்னாரு, ஆனா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவ நிமுந்து என் மூஞ்சியப் பாத்தாரு. நான் எழுந்து அடுப்பு பக்கம் போயிட்டேன்.

எல்லாம் சரியாயிடும், நாளாவ நாளாவ அந்தப் பயம் போயிடும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். போன மாசம் அதே டாக்டரம்மாகிட்ட செக்கப்புக்குப் போயிருந்தோம். டாக்டரம்மா அவரைப் பாத்து, "எப்படி இருக்கு, ரத்தம் ஏதாவது போவுதா?"ன்னு கேட்டாங்க. நான் உதட்ட இறுக்கி மூடிக்கினு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கினு போயிருந்தேன்.

அவரு டாக்டரைப் பாக்கல. மொதல்ல என் பக்கம் திரும்பி என் மூஞ்சியப் பாத்தாரு. அப்பறம்தான், "இல்லீங்க, நல்லா கீது"ன்னாரு.

டாக்டரம்மா பேனாவ கீழ வெச்சிட்டாங்க. என்னைப் பாத்து ரொம்ப மரியாதையா, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, நான் அவர்கிட்ட தனியா பேசணும்"னாங்க.

எழுந்து வந்துட்டேன். கதவு சாத்திக்கிச்சு. வெளிய பெஞ்சுல உக்காந்தப்ப உள்ள அவரு குரல் கேட்டுது. என்ன சொல்றாருன்னு புரியல, ஆனா நிறுத்தாம பேசிக்கினே இருந்தாரு. என்கிட்ட ரெண்டு வருஷமா பேசாததெல்லாம் பேசறாரு போலன்னு தோணுச்சு. வெளிய வந்ததும், "இன்னா சொன்னாங்க?"ன்னு நான் கேக்கல. அவரா சொன்னாரு, "ஒண்ணுமில்ல மே"ன்னு.

பதினெட்டு வருஷம் ஒரே வூட்டுல குடும்பம் நடத்திட்டு, என் புருஷன் தன் உடம்பப் பத்தி உண்மைய சொல்லணும்னா நான் எழுந்து வெளிய போவணும்னு ஆயிடுச்சு. அப்படி ஆக்குனது அந்தக் கட்டி இல்ல, என் வாயிதான்னு தெரிஞ்சுதான் இப்பல்லாம் அவரு பேச ஆரம்பிச்சா நான் கையில இருக்கற வேலையப் போட்டுட்டு, வாய மூடிக்கினு அவரு மூஞ்சியப் பாத்து உக்காந்துக்கறேன்.